மொபைலில் பணம் போகிறது, ஆர்டர் மட்டும் பதிவாவதில்லை: உதவி தேவை

நூல்கண்டு:
வணக்கம் நண்பர்களே. கையால் தைத்த பைகளைச் சொந்தத் தளம் வைத்து விற்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் போனில்தான் வருகிறார்கள், சமூக ஊடகத்தில் போடும் படத்தைத் தொட்டு நேராகப் பொருளின் பக்கத்துக்கே வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளாக ஒரே புகார்: கார்டிலிருந்து பணம் எடுத்தாகிவிட்டது, வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்துவிட்டது, ஆனால் தளத்துக்குத் திரும்பினால் கூடை காலி, மறுபடி லாகின் செய்யச் சொல்கிறது. சிலர் பயந்துபோய் இரண்டாம் முறையும் கட்டியிருக்கிறார்கள். என் கணினியில் வாங்கிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. பேமென்ட் கேட்வேயின் (கார்டுப் பணத்தை வாங்கித் தரும் சேவை) ஆட்களைக் கேட்டால் எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னை நம்பிக் கட்டிய பணம் அது, எங்கே போனதென்று அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் தூக்கம் கெடுகிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வழிப்போக்கன்:
தளம் கனமாக இருக்கும். படங்களைச் சுருக்கிப் போடுங்கள். முடிந்தால் ஒரு ஆப் செய்துவிடுங்கள், பிரவுசர் தொல்லையே இருக்காது.

மணிக்கூண்டு:
படம் கனமாக இருந்தால் ஆள் பாதியில் போய்விடுவார், பணம் கட்டி முடித்த பிறகு கூடை காலியாகாது. ஆப் செய்தாலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும்.

நூல்கண்டு, மூன்று விஷயம் சொல்லுங்கள். கேட்வேயின் டாஷ்போர்டில் அந்தப் பணம் எந்த நிலையில் இருக்கிறது? வாங்குகிறவர் பணம் கட்டி முடித்ததும் கேட்வே உங்கள் தளத்துக்கு கெட் முறையில் (சாதாரண இணைப்பைத் தொட்டதுபோல) திருப்பி அனுப்புகிறதா, போஸ்ட் முறையிலா (படிவத்தைச் சமர்ப்பித்ததுபோல)? வெப்ஹுக், அதாவது பணம் வந்ததைக் கேட்வே உங்கள் சர்வருக்கு நேராகத் தெரிவிக்கும் ஏற்பாடு, வைத்திருக்கிறீர்களா?

முதல் கேள்வி ஏனென்றால், வங்கி பணத்தைப் பிடித்து மட்டும் வைத்திருப்பது வேறு, அது உங்கள் கணக்குக்கு உண்மையிலேயே எடுக்கப்படுவது வேறு. வாங்கியவரின் போனுக்கு இரண்டுமே "பணம் கழிந்தது" என்றுதான் வரும். பிடித்து மட்டும் வைத்திருந்தால் நீங்கள் எடுத்துக்கொள்ளாத பட்சத்தில் அது தானாக விடுபட்டுவிடும்.

நூல்கண்டு:
பார்த்துவிட்டேன். எல்லாமே "வெற்றி, எடுக்கப்பட்டது" என்று இருக்கிறது. திருப்பி அனுப்புவது போஸ்ட். வெப்ஹுக் இல்லை, வாங்குகிறவர் திரும்பி வரும் பக்கத்தில்தான் ஆர்டரைப் பதிவு செய்கிறேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. சர்வர் லாகில் (சர்வரின் பதிவேடு) பார்த்தால், சீக்கிரம் கட்டி முடித்தவர்களுக்கு ஆர்டர் விழுந்திருக்கிறது, ஓடிபிக்காகக் கொஞ்சம் தாமதமானவர்களுக்குத்தான் விழவில்லை.

மணிக்கூண்டு:
அந்தத் தாமதத்தில்தான் விடை இருக்கிறது. குக்கீ என்பது உங்கள் தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு; அதை வேறு தளத்திலிருந்து வரும்போதும் அனுப்பலாமா என்று சொல்வது சேம்சைட். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80-இலிருந்து, சேம்சைட் என்று எதுவும் குறிப்பிடாத குக்கீயை அது லாக்ஸ் (ஓரளவு கட்டுப்பாடு) என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது வேறொரு தளத்திலிருந்து போஸ்ட் மூலம் உங்கள் பக்கத்துக்கு வரும்போது வந்தவர் யாரென்று காட்டும் உங்கள் செஷன் குக்கீ கூடவே வராது. சர்வருக்கு வந்தவர் யாரென்றே தெரியாது, அதனால்தான் கூடை காலி. ஆனால் பழைய தளங்கள் உடைந்துவிடக் கூடாதென்று ஒரு விலக்கு வைத்தார்கள்: அப்படிப்பட்ட குக்கீ வைக்கப்பட்டு இரண்டு நிமிடம் ஆகாவிட்டால் போஸ்டிலும் அனுப்பும். நீங்கள் சோதிக்கும்போது போன் பக்கத்திலேயே இருக்கும், ஓடிபி வந்ததும் தட்டிவிடுவீர்கள், இரண்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். உங்கள் வாடிக்கையாளர் அதே போனில் பிரவுசரை விட்டுக் குறுஞ்செய்திக்குப் போய், எண்ணை மனப்பாடம் செய்து, திரும்பி வந்து, அதற்குள் பக்கம் மறுபடி ஏறி... நேரம் தாண்டிவிடும். கணினியிலேயே ஓடிபி பக்கத்தை வேண்டுமென்றே இரண்டு நிமிடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு எண்ணைப் போடுங்கள், உங்களுக்கும் கூடை காலியாகும்.

உடனடித் தீர்வு: செஷன் குக்கீயில் சேம்சைட் நன் (None, எங்கிருந்து வந்தாலும் அனுப்பு) என்றும் செக்யூர் (https இணைப்பில் மட்டும் அனுப்பு) என்றும் சேர்த்து வைப்பது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், செக்யூர் இல்லாமல் நன் மட்டும் போட்டால் குரோம் அந்தக் குக்கீயையே ஏற்காது. அப்புறம், நன் போட்டால் வெளித்தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கும் குக்கீ போகும், ஆகவே உங்கள் மற்ற படிவங்களில் டோக்கன் சரிபார்ப்பு (படிவம் உங்கள் பக்கத்திலிருந்தே வந்ததா என்று ஒரு ரகசியக் குறியால் பார்ப்பது) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நூல்கண்டு:
சோதித்தேன், அப்படியே நடந்தது! குக்கீயை மாற்றியதும் கணினியிலும் போன் குரோமிலும் சரியாகிவிட்டது. ஆனால் இப்போதும் எப்போதாவது ஒன்று தவறுகிறது. சமூக ஊடக ஆப்பிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் என்று தோன்றுகிறது.

கடைசிப்பெட்டி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் இதே வேலையில் இருப்பவள். அந்த ஆப்புகள் இணைப்பைத் தனக்குள்ளேயே ஒரு பிரவுசரில் திறக்கும், அதன் குக்கீகள் போனின் வழக்கமான பிரவுசரோடு பகிரப்படாது. வாங்குகிறவர் வங்கி ஆப்புக்குப் போய் ஒப்புதல் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பக்கம் வழக்கமான பிரவுசரில் திறந்தால் அங்கே அவர் புது ஆள். குக்கீயில் எதை மாற்றினாலும் இது தீராது. இன்னும் சிலர் வங்கியின் செய்தி வந்ததுமே பிரவுசரை மூடிவிடுவார்கள், சிக்னல் போகும், பேட்டரி தீரும்.

அதனால் பணம் வந்த சேதியை வாங்குகிறவரின் போன் கொண்டுவந்து தரும் என்று காத்திருக்கவே கூடாது. கேட்வே சர்வரிலிருந்து உங்கள் சர்வருக்கு நேராக வரும் வெப்ஹுக்கில்தான் ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். கேட்வேக்கு அனுப்புவதற்கு முன்பே ஆர்டரை "காத்திருப்பு" நிலையில் பதிந்து, அதன் எண்ணைக் கேட்வேக்கும் கொடுங்கள். வெப்ஹுக் வந்ததும், அனுப்பியது கேட்வேதான் என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் "பணம் கட்டியாச்சு" என்று உங்கள் முகவரிக்கு அனுப்பலாம். தொகையும் ஆர்டரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே வெப்ஹுக் இரண்டு தடவை வரலாம், நீங்கள் 200 (பெற்றுக்கொண்டேன் என்ற குறியீடு) என்று பதில் தராவிட்டால் மறுபடி அனுப்புவார்கள், ஆகவே ஏற்கெனவே உறுதியான ஆர்டருக்கு மறுபடி வந்தால் பொருளை இன்னொரு முறை அனுப்பாமல் பேசாமல் 200 சொல்லிவிடுங்கள்.

ஓடிபி பெட்டி கேட்வேயின் பக்கத்தில் இருப்பதால் அதில் நாம் கை வைக்க முடியாது. உங்கள் சொந்தப் படிவத்தையாவது கவனியுங்கள். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கம் பெரிதாகி, பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். போன் எண் கேட்கும் பெட்டிக்கு எண் விசைப்பலகை வர வேண்டும்.

நூல்கண்டு:
வெப்ஹுக் போட்டுவிட்டேன். பணம் கட்டிய கையோடு பிரவுசரை மூடிப் பார்த்தேன், ஆர்டர் விழுகிறது, மின்னஞ்சலும் போகிறது. இரண்டு முறை கட்டியவர்களுக்கு ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, தனித்தனியே எழுதியும் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: வெப்ஹுக் வர ஒரு நிமிடம் பிந்தினால், திரும்பி வந்தவருக்கு அந்தப் பக்கத்தில் என்ன காட்டுவது?

கடைசிப்பெட்டி:
"தோல்வி" என்று மட்டும் காட்டிவிடாதீர்கள், "மீண்டும் செலுத்து" பொத்தானும் அப்போது கண்ணில் படக் கூடாது, இரண்டு முறை கட்டுவது அங்கேதான் நடக்கிறது. ஆர்டர் எண்ணைப் பெரிதாகப் போட்டு, "வங்கியின் உறுதிக்காகக் காத்திருக்கிறோம், இந்தப் பக்கத்தை மூடினாலும் ஒன்றும் ஆகாது, மின்னஞ்சல் வரும்" என்று எழுதுங்கள். சில விநாடிக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்டுப் பக்கம் தானாக மாறட்டும். அதற்கும் மேல் பிந்தினால் கேட்வேயிடம் நீங்களே அந்த எண்ணின் நிலையைக் கேட்டுப் பார்க்கலாம், அதற்கு ஏபிஐ (உங்கள் சர்வர் அவர்கள் சர்வரைக் கேட்கும் வழி) வைத்திருப்பார்கள்.