கையில் கள்ளநோட்டு இருந்தாலே குற்றமா?

மளிகை கதிர்:
கடை வசூலைக் கட்ட வங்கிக்குப் போயிருந்தேன். காசாளர் ஒரு 500 ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கள்ளநோட்டு என்று முத்திரை குத்தினார். ரசீதில் கையெழுத்துக் கேட்டார். பணமும் போயிற்று, வரிசையில் நின்றவர்கள் முன்னால் மானமும் போயிற்று. இனி அப்படி ஒன்று வந்தால், வந்த வழியிலேயே தள்ளிவிடுவேன். ஏமாந்தவனுக்கா தண்டனை?

வழக்கறிஞர் மாறன்:
கதிர் ஐயா, இன்றுவரை நீங்கள் ஏமாந்தவர். தெரிந்தே தள்ளினால் குற்றவாளி. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 180ஆம் பிரிவின்படி, போலி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நல்ல நோட்டாகப் புழங்கவிடும் எண்ணத்தில் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை. மாற்றிவிட்டால் 179, அதில் ஆயுள் தண்டனைக்கே இடமிருக்கிறது. ஆனால் வங்கியில் கட்டும்போது நான்கு தாள் வரை சிக்கினால், காவல்துறைக்கு மாதாந்திர அறிக்கைதான் போகும். ஒரே தடவையில் ஐந்தோ அதற்கு மேலோ என்றால்தான் முதல் தகவல் அறிக்கை.

பூங்கொடி:
அதே 180இன் விளக்கத்தையும் படியுங்கள். முறையான வழியில் வந்தது என்று நிலைநாட்டினால் குற்றமில்லையாம். என் அம்மா சந்தையில் கீரை விற்கிறார். விடியற்காலை இருட்டில் வாங்கி முந்தானையில் முடிந்த தாளுக்கு யாரிடம் பில் கேட்பார்?

வழக்கறிஞர் மாறன்:
தெரிந்தே வைத்திருந்தார் என்று அரசுத் தரப்புதான் முதலில் நிரூபிக்க வேண்டும். இதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 489சி பிரிவில் இது தீர்ந்த விஷயம். போலி 100 ரூபாய்த் தாள்களுடன் பிடிபட்ட 18 வயது மாணவரை, அவை போலி என்று அவர் அறிந்திருந்ததற்குச் சான்றில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2001இல் விடுதலை செய்தது.

பூங்கொடி:
உச்ச நீதிமன்றம் வரை போனபிறகு! கீரைக்காரிக்கு டெல்லி எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? விசாரணைக்கு இரண்டு நாள் அலைந்தாலே அவருடைய முதல் கரைந்துவிடும்.

மளிகை கதிர்:
தங்கச்சி, நான் தள்ளிவிட்டால் அந்தத் தாள் கடைசியில் உங்கள் அம்மாவின் முந்தானைக்குத்தான் வரும். சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தானாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்கு அரசு பாதித் தொகையாவது தர வேண்டும்.

வழக்கறிஞர் மாறன்:
தந்தால் அச்சடிப்பவனே ஆள் வைத்துக் கொண்டுவந்து கட்டுவான். வாங்கும்போதே தாளைச் சாய்த்துப் பாருங்கள். நடு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும்.

பூங்கொடி:
விடியற்காலை நான்கு மணிக்கு எந்த வெளிச்சத்தில், ஐயா?