கத்தும்போது பேசாதீர்கள், தணிந்த பிறகும் அவசரப்படாதீர்கள்

அடிக்கடி கோபத்தில் வெடித்து, சொன்னதை எல்லாம் எதிர்க்கும் குழந்தையை (இது நீடித்தால் எதிர்ப்பு நடத்தைக் கோளாறாக, அதாவது ODD ஆக இருக்கலாம்) எப்படிக் கையாள்வது? நான்கு பேர் சொல்கிறார்கள்.

தாய் (மகனுக்கு 7 வயது):
கோபம் உச்சத்தில் இருக்கும்போது புத்தி சொன்னால் காதில் ஏறாது. பேசப் பேச இன்னும் கூடும். டம்ளர், கத்தரிக்கோல், ரிமோட் என எறியக்கூடியதை எல்லாம் எடுத்துவிடுங்கள். தம்பி தங்கை இருந்தால் வேறு அறைக்கு அனுப்புங்கள். இரண்டு கை தூரம் தள்ளித் தரையில் உட்காருங்கள். நின்றபடி குனிந்து பேசினால் மிரட்டுவதாகத்தான் தெரியும். "கோபமா இருக்கே. அடிக்க விடமாட்டேன். இங்கேயேதான் இருக்கேன்." இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கத்தல் தேம்பலாக மாறினால் தணிகிறது என்று அர்த்தம். "இனிமே செய்வியா?" என்று அந்த இடத்தில் கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரமாவது விடுங்கள்.

சிறப்புக் கல்வி ஆசிரியர்:
அது வெடித்த பிறகு செய்ய வேண்டியது. வெடிப்பதைக் குறைக்க, வேலை சொல்லும் விதம் மாற வேண்டும். சமையலறையிலிருந்து "ஹோம்வொர்க் பண்றியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் ஒரு பதில்தானே. பக்கத்தில் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே ஒரு வேலை: "ஷூவை ஸ்டாண்டுல வை." மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள்; அதற்குள் திரும்பச் சொல்லாதீர்கள். செய்ததும் வெறும் "குட் பாய்" போதாது. "சொன்ன உடனே ஷூவை வச்சிட்டியே" என்று செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

தினமும் 5 நிமிடம் அவன் இஷ்டப்படி விளையாட்டு. கேள்வி, கட்டளை, திருத்தம் எதுவும் கூடாது. "சிவப்புக் கட்டையை மேல வைக்கிறே" என்று அவன் செய்வதைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். எவ்வளவு சேட்டை செய்த நாளிலும் இதைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள். 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர் பயிற்சியின் முதல் பகுதியே இந்த விளையாட்டுதான்.

பேத்தியை வளர்க்கும் தாத்தா:
வீட்டில் பெரியவர்கள் ஒத்துப்போகாவிட்டால் இதெல்லாம் நிற்காது. போன் இல்லை என்று அம்மா சொல்ல, "ஐயோ பாவம், அழுது அழுது தொண்டை கட்டிடும்" என்று பாட்டி எடுத்துக் கொடுத்தால், இவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. மறுக்கத் தொடங்கிய முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். அப்போது இறங்கிவிட்டால் முன்பைவிட மோசம். அதனால் எல்லாவற்றுக்கும் சண்டை வேண்டாம். அடிப்பது, உடைப்பது, ரோட்டுக்கு ஓடுவது இந்த மூன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். சட்டை நிறமும் இட்லியா தோசையா என்பதும் அவள் விருப்பம்.

குழந்தை மனநலப் பிரிவு செவிலியர்:
டாக்டரிடம் போகும் முன் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி முடிந்தது, முந்தைய இரவு எவ்வளவு தூங்கினான். "எப்பப் பார்த்தாலும் கத்துறான்" என்பதைவிட இது பல மடங்கு உதவும். எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்று சொல்ல, அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். காது கேட்பது, வாசிப்பதில் சிரமம், இரவில் குறட்டை, கவனக்குறைவுக் கோளாறு (ADHD), பதற்றம் இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே கவனக்குறைவுக் கோளாறு இருந்து அதற்கு மருந்து எடுத்தால் கோபமும் குறையலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். முதலில் போனில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ்: 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.