"நெட் வரல" என்பதற்குப் பதிலாக என்ன சொல்லிப் புகார் கொடுக்கலாம்? வீட்டு இணையம், போன், கேபிள் அனுபவங்கள்

தொடங்கியவர்

வீட்டில் இணையம் நின்றதும் நாம் எல்லாரும் சொல்வது "நெட் வரல" என்ற ஒன்றைத்தான். புகார் எடுப்பவரும் அதையே பதிகிறார். மறுநாள் வருபவர் மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். ஒளியை அளக்கும் பவர் மீட்டரோ, ஃபைபர் ஒட்டும் மிஷினோ அவர் பையில் இருக்காது. "ஜாயின்ட் டீம் வரணும் சார்" என்று போய்விடுவார், இன்னும் இரண்டு நாள் கழியும். பழுது எந்த வகை என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டால் சரியான ஆள் சரியான கருவியோடு வருவார். எந்த அடையாளத்துக்கு என்ன பழுது என்று வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஃபைபர் ஜாயின்ட் வேலை பார்ப்பவர்

வீட்டுக்குள் இருக்கும் ஓஎன்டி பெட்டியில், அதாவது ஃபைபர் வந்து சேரும் மோடத்தில், முதலில் இரண்டு விளக்கைப் பாருங்கள். ஒன்று "பான்", இன்னொன்று "எல்ஓஎஸ்". எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் பெட்டிக்கு ஒளியே வரவில்லை. ஃபைபர் அறுந்திருக்கலாம், எங்காவது மடங்கியிருக்கலாம், பின்னால் கனெக்டர் நழுவியிருக்கலாம். பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் இது சரியாகாது. எல்ஓஎஸ் எரியாமல் பான் மட்டும் மின்னிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் எக்ஸ்சேஞ்சில் உங்கள் பெட்டி பதிவாகவில்லை. பெட்டியை மாற்றிய பிறகு இது அடிக்கடி நடக்கும். புதுப் பெட்டியின் சீரியல் நம்பரை அவர்கள் ஏற்றியிருக்க மாட்டார்கள். பான் நிலையாகப் பச்சை, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் லைனில் குறை இல்லை. ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது யூசர்நேம் பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை.

அடுத்து அளவு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் அடித்து உள்ளே போனால் "ஆர்எக்ஸ் பவர்" என்று ஓர் எண் இருக்கும். பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது, மைனஸில் வரும். மைனஸ் 15 முதல் 24 டிபிஎம் வரை கவலையில்லை. மைனஸ் 27 என்பது விளிம்பு, அதைத் தாண்டினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு 3 டிபி குறைவுக்கும் ஒளி பாதியாகிறது. இணைப்புக் கொடுத்த அன்று மைனஸ் 20 இருந்து இன்று மைனஸ் 26 என்றால் வந்த ஒளியில் முக்கால்வாசி வழியிலேயே போய்விட்டது. பெட்டி பச்சை விளக்கைத்தான் காட்டும், ஆனால் அடுத்த பழுது கிட்டத்தில் நிற்கிறது. அதனால் முதல் நாள் எண்ணைத் தேதியோடு பெட்டியின் முதுகில் மார்க்கரால் எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது "பவர் 20ல இருந்து 26க்கு இறங்கிருக்கு" என்றால் எதிர்முனையில் வேலை தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார்.

எங்கே போகிறது அந்த ஒளி? ஒரு ஃபைபரின் ஒளியை 32 ஆகப் பிரிக்கும், தெருவில் இருக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றே சுமார் 17 டிபி எடுத்துக்கொள்ளும். அது கணக்கில் சேர்ந்ததுதான். மிஷின் வைத்து ஒட்டினால் ஒரு ஜாயின்ட்டுக்கு 0.1 டிபிக்குள் முடியும். அவசரத்துக்கு மிஷின் இல்லாமல் கையால் போடும் ஃபாஸ்ட் கனெக்டர் 0.3 முதல் 0.5 வரை தின்னும், மொட்டைமாடி வெயிலில் இளகவும் செய்யும். அறுந்த இடத்தில் கையால் ஒட்டிவிட்டுப் போனால் "மிஷின் ஜாயின்ட் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வீட்டுக்குள் நாம் செய்யும் கெடுதல், வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டுவது. வளையம் டீ டம்ளர் வாயைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேரானது. பச்சைக்கான இடத்தில் நீலத்தைச் சொருகினால் உட்காரும், ஆனால் ஒளி ஏராளமாக வீணாகும். கழற்றினால் முனையை விரலால் தொடாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள். அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் வருவது 1490 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்குத் தெரியாது.

நெட்வொர்க் டெக்னீஷியன்

மேலே உள்ளதோடு ஒன்று. பெட்டியின் பின்னால் ஊசி போகிற ஓட்டை ஒன்று இருக்கும், அதுதான் ரீசெட். அதைக் குத்தாதீர்கள். பவர் சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. ரீசெட் அழுத்தினால் இணையத்துக்குள் நுழையப் பெட்டியில் ஏற்றி வைத்த பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாம் அழிந்துவிடும். சின்னப் பழுதாக இருந்தது ஆள் வந்தால்தான் தீரும் என்றாகிவிடும். இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே இந்த மூன்றையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வேகம் பற்றிய புகார்களில் பாதிக்கு மேல் தெருவிலேயே இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் டவுன்லோடு நொடிக்கு 12.5 எம்பிதான் காட்டும், ஏனென்றால் திட்டத்தின் வேகம் பிட்டில், டவுன்லோடு பைட்டில்; 8 பிட் சேர்ந்து ஒரு பைட். 200 அல்லது 300 திட்டம் வாங்கியும் சோதனையில் எப்போதும் 94 பக்கத்திலேயே நிற்கிறதா? அந்த 94 ஒரு கையெழுத்து மாதிரி. எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது, அல்லது லேன் வயரின் 4 ஜோடிகளில் ஒன்று விட்டுப்போய் கிகாபிட் 100க்கு இறங்கிவிட்டது. இரண்டு ஜோடியிலேயே 100 ஓடிவிடும் என்பதால் இணைப்பு அறாது, வேகம் மட்டும் குறையும். முனையை வெட்டி 8 கம்பியும் உட்கார்கிற மாதிரி புதிதாகக் கிரிம்ப் செய்தால் போதும்.

வைஃபையை வைத்துச் சோதித்த எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள். லேப்டாப்பை லேன் வயரில் மாட்டி, வைஃபையை அணைத்து, காலை, மதியம், இரவு 9 மணி என மூன்று முறை அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூன்றிலும் குறைவென்றால் லைனிலோ திட்டத்திலோ குறை. இரவில் மட்டும் குறைந்தால் அந்தப் பகுதியில் நெரிசல். வயரில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள். டிவிக்குப் பின்னாலும், இரும்பு பீரோ மேலும், தரையோடும் வைக்கக் கூடாது. அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களில் கூட்டம் குறைவானதைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். பக்கத்து அறைக்குள் இருப்பதற்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான் நல்லது. இரண்டு சுவர் தாண்டினால் அது தளர்ந்துவிடும்.

சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்போர் பெட்டியின் அதே பிரவுசர் பக்கத்தில் வான் ஐபி எண்ணை, அதாவது வெளி இணையப் பக்கத்து முகவரியை, பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. வெளியிலிருந்து உள்ளே வரப் பெட்டியில் போர்ட் திறந்து பயனில்லை. உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர்

பெட்டி தானாகவே அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். உள்ளே கெபாசிட்டர் காய்ந்துபோனால் சும்மா அளக்கும்போது 12 காட்டும், பெட்டியை மாட்டியதும் 10க்கு இறங்கும். வீட்டில் எல்லாரும் வீடியோ பார்க்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆவது இதன் அடையாளம். அதே 12 வோல்ட், ஆம்பியர் குறையாத அடாப்டரை மாற்றிப் பாருங்கள். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும் நொடியில் பெட்டி அணைகிறதென்றால் இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடுக்குத் தள்ளுங்கள். மினி யூபிஎஸ் வாங்குவோர் பேட்டரியின் எம்ஏஎச் எண்ணை நம்ப வேண்டாம், வாட் அவர் கணக்கைப் பாருங்கள். 2000 எம்ஏஎச் செல் மூன்று இருந்தால் 3.7 வோல்ட் கணக்கில் மொத்தம் 22 வாட் அவர். வைஃபை பெட்டி 8 முதல் 10 வாட் இழுக்கும், இழப்புப் போக சுமார் 2 மணி நேரம் வரும். வாங்குமுன் ஆபரேட்டரிடம் "வழியில கரண்ட்ல ஓடுற சுவிட்ச் இருக்கா, வெறும் ஸ்பிளிட்டரா?" என்று கேளுங்கள். ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. பக்கத்துத் தெரு மாடியில் சுவிட்ச் இருந்து அதற்குப் பேட்டரி இல்லையென்றால், உங்கள் பெட்டி எரிந்தும் இணையம் வராது.

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது, கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் வரும் போனுக்கு அது கிடையாது. தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் மாற்றினால் இந்த பேக்கப்பைச் சேர்த்தே மாற்றுங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

கேபிள் ஆபரேட்டர்

டிவியிலும் இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்லுங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால், "நோ சிக்னல்" வந்தால் லைன் பழுது. "சந்தா இல்லை" என்ற மாதிரி செய்தியோ பிழை எண்ணோ வந்தால் ஆபீஸில் ஏற்ற வேண்டியது. இரண்டாவதற்கு ஆள் வரவே வேண்டாம். பாக்ஸ் நம்பரைச் சொன்னால் சிக்னலை மறுபடி அனுப்புவார்கள். அந்த நேரம் பாக்ஸ் ஆனில் இருக்க வேண்டும். பலர் அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், அப்போது ஏறாது.

லைன் பழுதில் முதலில் பார்க்க வேண்டியது திருகும் கனெக்டர். வெளிப் பின்னலில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சில சேனல்கள் போய்விடும். இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 முதல் 4 டிபி குறைக்கும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு போட்டால் கடைசி டிவியில் கட்டம் விழும். மழை முடிந்தும் சரியாகவில்லையென்றால் வயருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கனெக்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையுமுன் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கட்டணம் பற்றி: 2019ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி 130 ரூபாய் நெட்வொர்க் கட்டணம், 18 சதவீத வரியோடு 153.40. இந்த எண்ணை இன்னும் பலர் உச்சவரம்பாக நினைக்கிறார்கள். 2024 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதனால் பில்லில் நெட்வொர்க் கட்டணம், சேனல் தொகுப்பு, வரி மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

புகார் நடைமுறை தெரிந்தவர்

போனில் புகார் சொல்லிவிட்டு டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், வாங்காமல் வைத்தால் அது புகாரே இல்லை. எண், தேதி, நேரம், எந்த விளக்கு, பவர் எவ்வளவு என்று ஒரே செய்தியாக மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தீராமலே "தீர்ந்தது" என்று குறுஞ்செய்தி வந்தால் அன்றே "தீரவில்லை" என்று பதில் எழுதுங்கள்.

இணையம், போன் இரண்டுக்கும் டிராயின் 2012 விதிமுறைப்படி அடுத்த படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. 30 நாளுக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டாக்கெட் எண் இல்லாமல் அங்கே நுழைய முடியாது, அதனால்தான் முதலில் அதைச் சொன்னேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் ஏற்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; ஏற்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

நின்ற நாட்களுக்கு வாடகைக் கழிவும் எழுத்தில் கேளுங்கள். கேட்காதவர் பில்லில் அது தானாக வந்து நான் பார்த்ததில்லை.

நெட்வொர்க் டெக்னீஷியன்

இணைப்பை ரத்து செய்பவர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. பெட்டியை எடுக்க வருபவரிடம் பெட்டி, அடாப்டர் இரண்டின் சீரியல் நம்பரையும் எழுதிய ரசீது வாங்குங்கள், கொடுக்குமுன் படமும் எடுத்து வையுங்கள். ரசீது தராமல் கேட்டால் கொடுக்காதீர்கள். "பெட்டி வரவில்லை" என்று டெபாசிட்டைப் பிடிப்பது அந்த ஒரு தாள் இல்லாத வீடுகளில்தான்.