பழைய பிக்கப்: கிளட்ச் பெடலை முழுதாக மிதித்தும் கியர் விழவில்லை, கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். 3 மாதங்களுக்கு முன் 5 கியர் கொண்ட டீசல் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மீட்டர் 1,40,000 கி.மீ. காட்டுகிறது. கிளட்ச் செட் மாற்றி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை என்று விற்றவர் சொன்னார். அதற்கான ரசீது எதுவும் அவரிடம் இல்லை.

காலையில் வண்டியை எடுக்கும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. அரை மணி நேரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நின்ற இடத்தில் முதல் கியர் போட முயன்றால் லீவர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பற்கள் அரைபடுகின்றன. பெடலை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால் கியர் விழுந்துவிடுகிறது. எஞ்சினை அணைத்துவிட்டால் எல்லாக் கியர்களும் விரலால் தள்ளினாலே விழுகின்றன. இதைத் தவிர, நியூட்ரலில் நிற்கும்போது ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறது. பெடலை மிதித்தால் அது நின்றுவிடுகிறது.

பட்டறையில் வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியவை ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

வணக்கம். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் நழுவும். அதாவது மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் இரைந்து சுற்றும், வேகம் மட்டும் ஏறாது. உங்கள் வண்டியில் நடப்பது அதற்கு நேர்மாறானது. பெடலை மிதித்த பிறகும் எஞ்சினிடமிருந்து கியர் பாக்ஸ் முழுமையாகப் பிரியவில்லை. பட்டறை மொழியில் சொன்னால், கிளட்ச் கட் ஆகவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கிளட்ச் என்றாலே பிளேட் என்று முடிவு கட்டுவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது. ஐயம் தீர வேண்டுமானால், 4ஆவது கியரில் குறைந்த வேகத்தில் சென்றுகொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சுற்று மட்டும் தாவி ஏறவில்லை என்றால் பிளேட்டின் பிடிப்பு நன்றாகவே இருக்கிறது.

அடுத்தடுத்து மிதித்தால் சரியாகிறது என்ற ஒரு வரி, குறை பெரும்பாலும் ஆயில் வழியில் இருப்பதைக் காட்டுகிறது. பெடல் மாஸ்டர் சிலிண்டரை அழுத்த, அங்கிருந்து தள்ளப்படும் ஆயில் கியர் பாக்ஸ் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டை நகர்த்துகிறது. கால் அத்தனை தூரம் மிதித்தாலும், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட் பின்வாங்குவது ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆகவே சிறிய காற்றுக் குமிழோ, சிறிய கசிவோ இருந்தாலே அந்த விலகல் முழுதும் பறிபோய்விடும்.

ஆயில் மட்டம் குறையவில்லை என்பதால் கசிவில்லை என்று எண்ண வேண்டாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் விளிம்பு தேய்ந்துவிட்டால், அழுத்தப்பட்ட ஆயில் வெளியே சொட்டாமல் கப்பைத் தாண்டிப் பின்னுக்கு நழுவிவிடும். சமதரையில், முன்னால் யாருமில்லாத இடத்தில், முதல் கியரில் பெடலை முழுதாக மிதித்து, பிரேக்கை விட்டுவிட்டு, காலை அசைக்காமல் ஒரு நிமிடம் காத்திருங்கள். வண்டி தானாக ஊர ஆரம்பித்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்தக் கப்தான்.

உதவிக்கு ஒருவர் இருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு நகரும் தூரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். ஆயிலில் காற்று புகுந்திருந்தால் தண்டு தொடக்கத்திலேயே குறைவாக நகர்ந்து அங்கேயே நிற்கும்; கப் கசிந்தால் முழுதாக நகர்ந்துவிட்டு, பிடித்திருக்கும்போதே மெல்லத் திரும்பி வரும். ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) உள்ளேயே அமைந்த வண்டி என்றால் இந்த அளவீடு முடியாது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு இன்னும் ஓர் இடத்தையும் பாருங்கள். நான் பட்ட அனுபவம் இது. என் பழைய பிக்கப்பிலும் இதே குறை வந்து, கிளட்ச் செட்டை மாற்றினேன், மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன், கியர் மட்டும் பழையபடியே முட்டியது. கடைசியில் என் தம்பியைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கேபினுக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவிலுள்ள தகடு, மாஸ்டர் சிலிண்டர் பொருத்தப்பட்ட இடத்தில், மூச்சு விடுவதுபோல முன்னும் பின்னும் அசைந்தது. போல்ட் துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. கால் கொடுத்த அழுத்தத்தில் ஒரு பங்கு தகட்டை வளைப்பதிலேயே செலவாகியிருக்கிறது. பின்னால் ஒரு தடித்த பட்டையை வைத்து வெல்டிங் செய்தவுடன் கியர் சரியானது. கழற்றிப் போட்ட கிளட்ச் பிளேட்டில் பாதிக்கு மேல் பொருள் மிச்சம் இருந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பெடல் பொருந்தும் இடத்திலுள்ள பின்னும் துளையும் தேய்ந்து ஆட்டம் காண்பதும் இதே விளைவைத் தரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை வண்டியைச் சூடாக்கிவிட்டு எல்லாவற்றையும் பார்த்தேன். 4ஆவது கியரில் நழுவல் சிறிதும் இல்லை. முதல் கியரில் பெடலை மிதித்துக் காத்திருந்ததில் ஏறத்தாழ 40 வினாடிகளில் வண்டி ஊர ஆரம்பித்தது. ஸ்லேவ் தண்டு மிதித்தவுடன் 14 மி.மீ. நகர்ந்தது, பெடலைப் பிடித்திருந்த ஒரு நிமிடத்துக்குள் 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன், உள்ளே ஈரமில்லை. பெடலுக்குப் பின்னால் தண்டு நுழையும் இடமும் காய்ந்தே இருக்கிறது. தகடு அசையவில்லை. ஆயில் மட்டும் மையைப் போலக் கறுத்திருக்கிறது.

மறுமொழி 1 எழுதியவர்

அந்த 14-உம் 9-உம் போதும். வெளியே எங்கும் ஈரமில்லாமல் தண்டு திரும்பி வருகிறது என்றால், ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே பின்னுக்குப் போகிறது. கறுப்பு நிறம் பெரும்பாலும் ரப்பர் கரைந்து கலந்ததால் வந்தது. மாஸ்டர் சிலிண்டரை முழுதாக மாற்றிவிடுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் கப்பும் அதே வயதுடையதாக இருக்கக்கூடும் என்பதால், அதையும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

ஆயில் தொட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 வகை பிரேக் ஆயிலை மட்டும், புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு துளி கலந்தாலும் ரப்பர் உப்பிவிடும். பெயிண்டின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

பலர் தவறவிடுவது பெடலின் ஃப்ரீ பிளே. பெடல் மேலே இருக்கும்போது, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் புஷ் ராடு அங்குள்ள பிஸ்டனைத் தொட்டு அழுத்தாமல் சிறிது இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லையென்றால் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அது ஸ்லேவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்புறம் இப்போது நழுவாத கிளட்ச் நிஜமாகவே நழுவத் தொடங்கும்.

மறுமொழி 3

நியூட்ரல் இரைச்சலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெடலை மிதிக்கும்போது வரும் சத்தம், கிளட்ச்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சேர்ந்தது. பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்தால் நிற்கும் சத்தம், கிளட்ச்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் பக்கத்தைச் சேர்ந்தது. ஏனென்றால் மிதித்தவுடன் அந்த ஷாஃப்ட் சுற்றுவதை நிறுத்திவிடும். டீசல் எஞ்சினின் ஐடிலிங்கில் கியர்கள் தட்டிக்கொள்ளும் கடகட சத்தம் பெரும்பாலும் கெடுதலில்லாதது. ஒரே சீராக உர்ரென்று கேட்டால் பேரிங். எதுவானாலும் கியர் பாக்ஸ் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

மாஸ்டர் மாற்றிய பிறகு தண்டு முழுதாக நகர்ந்து நின்றும் ரிவர்ஸ் அரைத்தால், அப்போதுதான் குறை உள்ளே இருக்கிறது: பிளேட் நெளிந்திருக்கலாம், இன்புட் ஷாஃப்டில் பிளேட் நகரும் வரிப்பள்ளங்களில் (ஸ்ப்லைன்) துருப்பிடித்துப் பிளேட் நகராமல் இருக்கலாம், அந்த ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். அதற்காகக் கியர் பாக்ஸை இறக்கினால் ரிலீஸ் பேரிங்கையும் எஞ்சின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்காமல் மூடிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மாஸ்டரும் ஸ்லேவும் ஹோஸும் மாற்றியாகிவிட்டது. ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்குத்தான் (ஏர் எடுப்பது) ஒரு மணி நேரம் ஆனது. குமிழி வருவது எளிதில் நிற்கவில்லை. கழற்றிய மாஸ்டரைப் பிரித்துப் பார்த்தேன். கப்பின் விளிம்பில் நகத்தால் கீறியதுபோல ஒரு பள்ளம் இருந்தது. இப்போது வண்டி நன்றாகச் சூடான பிறகும் தண்டு 14 மி.மீ.யிலேயே நிற்கிறது, ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது. கியர் பாக்ஸ் ஆயில் அரை லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. நிரப்பிய பின் இரைச்சல் தணிந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. அது சீரான உர்ர் சத்தம்தான்.