விமானப்படையில் இல்லாத ஒருவர் ரஷ்ய விண்வெளி வீரரானது எவ்வாறு?

உவர்மலை ஆசிரியை:
வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ககாரினைப் போலப் போர்விமானம் ஓட்டியவர்களையே ரஷ்யா விண்வெளிக்கு அனுப்பும் என்று மாணவி ஒருவர் வகுப்பில் உறுதியாகக் கூறினார். ஆனால் 6 தடவை பறந்து, மொத்தம் 803 நாள்கள் விண்வெளியில் வாழ்ந்த செர்கேய் கிரிகலியோவ் பொறியியலாளர் என்று அறிகிறேன். அவர் எவ்வழியாக வந்தார், எத்தகைய பயிற்சி பெற்றார் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர்:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். விண்கலங்களை உருவாக்கும் எனர்ஜியா நிறுவனமும் தன் பொறியியலாளர்களிலிருந்து வீரர்களைத் தெரிவுசெய்து வந்தது. லெனின்கிராட்டில் 1958 இல் பிறந்த கிரிகலியோவ், 1981 இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்று எனர்ஜியாவில் சேர்ந்தார். 1985 இல் சல்யூட் 7 என்ற சோவியத் விண்வெளி நிலையம் மின்சாரம் இழந்து, தரையிலிருந்து கட்டுப்படுத்த முடியாத நிலைக்குச் சென்றபோது, விண்வெளி வீரர்களான ஜானிபெகோவும் சவினிக்கும் அதனை நெருங்கி, தம் கலத்தைக் கையாலேயே இயக்கி இணைத்து நிலையத்தை மீட்டார்கள்; அதற்கான செயல்முறைகளை வகுத்த தரைக்குழுவில் கிரிகலியோவும் இருந்தார். அதே ஆண்டிலேயே அவர் விண்வெளி வீரராகத் தெரிவானார். அடிப்படைப் பயிற்சிக்குப் பின் சில காலம் புரான் என்ற சோவியத் விண்ணோடத் திட்டத்தில் இருந்துவிட்டு, 1988 நவம்பரில் பறப்புப் பொறியியலாளராக மீர் என்ற சோவியத் விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். இயந்திரம் பழுதானால் அதன் உள்ளே என்ன நிகழ்கிறது என்று அறிந்தவர் உடனிருப்பதே இத்தெரிவின் நோக்கம் என்பது என் கருத்து. விமானமோட்டவும் அவர் அறிவார். வான்சாகசப் பறப்பில் தேசிய அணிக்காகப் போட்டியிட்டவர்.

நிலாவெளிச் சுழியோடி:
பயிற்சியைப் பற்றி என் தொழிலோடு ஒட்டிய ஒன்றைச் சொல்கிறேன். மொஸ்கோவுக்கு அருகிலுள்ள நட்சத்திர நகரில் 12 மீற்றர் ஆழமான நீர்த்தொட்டி உள்ளது. விண்ணுடை அணிந்தவர் மிதக்கவும் மூழ்கவும் இல்லாதவாறு ஈயக்கட்டிகளால் எடையைச் சமன்செய்து, தொட்டியில் அமிழ்த்திய நிலைய மாதிரியில் அவரை வேலைசெய்ய விடுவார்கள். சுழியோடிகள் அருகிலேயே இருப்பார்கள். எடை சமனானாலும் நீர் அசைவைத் தடுக்கும் என்பதால், விண்ணில் ஒரு சிறு தள்ளலே உடலைத் தொடர்ந்து நகர்த்திச் செல்லும் என்பதைப் பயிலுநர் மனத்திற்கொள்ள வேண்டும். காற்றடைத்த கையுறைக்குள் விரல்களை மடக்குவதே பெரும் உழைப்பு. கிரிகலியோவ் 8 தடவை நிலையத்துக்கு வெளியே சென்று வேலைசெய்தார் என்பதை நினைக்கையில், அத்தொட்டியில் அவர் பட்ட பாட்டை என்னால் உணர முடிகிறது. ஈர்ப்பு விசையின் பன்மடங்கைத் தாங்கப் பழக்கும், 18 மீற்றர் கையுடைய சுழல்பொறியும் அங்கு உண்டு.

கிண்ணியா வாசகர்:
1991 மே மாதம் மீருக்குச் சென்ற அவரை நாடே கைவிட்டது என்று பலர் எழுதுவது எனக்கு வருத்தமளிக்கிறது. செலவைக் குறைக்க இரு பயணங்கள் ஒன்றாக்கப்பட்டு, ஒக்டோபரில் வந்த கலத்தின் ஓர் ஆசனம், நீண்டகாலத் தங்கலுக்குப் பயிற்சி பெறாத கசாக் வீரர் அவ்பக்கிரொவுக்கு வழங்கப்பட்டது. ஆகவே, பதிலாகத் தங்க ஆளில்லாமல் கிரிகலியோவ் தொடர்ந்து தங்க நேர்ந்தது. அதற்கு அவர் ஜூலையிலேயே சம்மதித்திருந்தார். திரும்புவதற்கான சோயூஸ் கலமும் நிலையத்தில் இணைந்தே இருந்தது. டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 மார்ச் 25 அன்று, 311 நாள்களின் பின் அவர் இறங்கினார். பின்னர் ஹூஸ்டனில் புதிதாகப் பயின்று, 1994 இல் அமெரிக்க விண்ணோடத்தில் பறந்த முதல் ரஷ்யரானார். 2000 இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதற்குழுவில் சென்றார். 2009 முதல் சில ஆண்டுகள் ககாரின் பயிற்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கினார்.