Re: கலைச்சொல் தேவை – கிரிட்டிகல் இன்ஃபர்மேஷன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் (நின்றுபோனால் நாட்டையே நிலைகுலைக்கும் கணினி அமைப்புகள்)

> 'முக்கியத் தகவல் கட்டமைப்பு' போதாது. எல்லாத் துறையும் தன்னுடையதே முக்கியம் என்று வந்து நிற்கும். பாதுகாக்க வேண்டிய அமைப்புகளின் பட்டியல் நீளும், தணிக்கைக்கு ஆள் போதாது. 'இன்றியமையா' என்று மாற்றலாமா?

வேண்டாம் ஐயா, அது 'எசென்ஷியல்' என்பதற்குப் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புக்கான என்ஐஎஸ்2 நெறியாணை (2022) நிறுவனங்களை இன்றியமையாதவை, முக்கியமானவை என்று பிரிக்கிறது. முதல் வகையை எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம். இரண்டாவதை, மீறலுக்கான தடயம் கிடைத்த பிறகுதான். இரண்டு சொல்லும் குழம்பினால் கண்காணிப்பே மாறிவிடும்.

'உயிர்நிலை' பொருந்துமா? அடிபடக் கூடாத இடம்தானே.

---

> 'உயிர்நிலை' பொருந்துமா?

செய்தித்தாளில் அந்தச் சொல் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பது ஊரறிந்தது. அரசிதழில் வேண்டாமே! 'உயிர்நாடி'யோ மேடைப்பேச்சில் தேய்ந்துபோனது.

வரையறையிலிருந்து தொடங்குவோம். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, முடங்கினாலோ அழிந்தாலோ நாட்டின் பாதுகாப்பு, பொருளாதாரம், பொதுச் சுகாதாரம் போன்றவற்றை நிலைகுலைக்கும் கணினி வளம் என்கிறது. ஆகவே 'முடங்கலாகாத் தகவல் கட்டமைப்பு'.

பட்டியலிடும் வேலைக்கும் இது ஒத்துவரும். துறையின் பெயரிலிருந்து தொடங்கினால் அமைச்சகங்களின் அட்டவணைதான் மிஞ்சும். சேவையிலிருந்து தொடங்க வேண்டும்: மின் வழங்கல், அதை நடத்தும் பணிகள், அவற்றைத் தாங்கும் கணினிகள். ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும், எத்தனை பேருக்குப் பாதிப்பு, கையால் ஓட்ட முடியுமா, கூடவே எந்தச் சேவை விழும் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனை பட்டியலில் இருக்கும்; அதன் தொலைத்தொடர்பு இணைப்பு இருக்காது. விடைகளுக்கு எண்ணில் வரம்பு வைக்காமல் நிறுவனங்களையே அறிவிக்கச் சொன்னால், நிதி வேண்டியவர் எல்லாவற்றையும் எழுதுவார், தணிக்கைக்கு அஞ்சுபவர் எதையும் எழுத மாட்டார்.

---

> முடங்கலாகாத்

நீளம். 'முடங்காக் கட்டமைப்பு' போதாதா?

---

போதாது அம்மா. 'முடங்கா' என்றால் முடங்கவே முடங்காது என்று உறுதி தருவதாகிவிடும். முடங்கும் என்று வைத்துத்தானே காப்புப்படிக்கும் மீட்பு நேரத்துக்கும் விதி எழுதுகிறோம்?

---

'முடங்கலாகா' எனக்குச் சம்மதம், ஒரு ஐயத்தோடு. குடிநீர் நிலையத்தில் எவரோ புகுந்து குளோரின் அளவை மாற்றினால் கணினி முடங்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தரவுக் கசிவைத் தனிச்சட்டத்துக்கு விடலாம், இதை விட முடியாது. சொல்லை மாற்றாமல், வரையறையில் 'முடங்கினாலோ அழிந்தாலோ' என்பதோடு 'பிறழ்ந்தாலோ' சேர்க்கலாம் என்பது என் கருத்து.