வில்லியம் மாரிஸ்: நீலத் துணியில் சிவப்பு எப்படி?

கேள்வி: ஆங்கிலேய வடிவமைப்பாளர் மாரிஸின் 1883ஆம் ஆண்டு ‘ஸ்ட்ராபெர்ரி தீஃப்’ (பழம் திருடும் பறவைகள் உள்ள அச்சுத் துணி) துணிக்குப் பின்புலம் கரும் நீலம். அதன்மேல் சிவப்பு, மஞ்சள் அடித்தால் கலங்காதா?

பதில் 1: மேலே அடிப்பதில்லை, நீலத்தை எடுத்துவிட்டு அடிப்பது. முதலில் முழுத் துணியையும் அவுரி (இண்டிகோ) நீலச்சாயத் தொட்டியில் முக்குவார்கள். வெளியே வரும்போது மஞ்சள்பச்சை, காற்றுப்பட்டதும் நீலம். அடுத்து, நிறம் நீக்கும் பசையை மரஅச்சால் ஒற்றுவார்கள். பசை வலுத்தால் வெள்ளை, நீர்த்தால் வெளிர்நீலம். அலசிய பிறகே சிவப்பும் மஞ்சளும். வெளிர்நீலத்தில் மஞ்சள் விழுந்தால் இலைப்பச்சை கிடைத்துவிடும், தனிச்சாயம் வேண்டாம்!

பதில் 2: கெடுவது இரண்டு இடத்தில். பசையைச் சரியாக அலசாவிட்டால் பருத்தி இழை இற்றுப்போகும். அச்சு மயிரிழை நகர்ந்தால் பறவையின் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியும்.

பதில் 3: மாரிஸ் சாயம் தோய்ப்பதை இங்கிலாந்தின் லீக் ஊரில் சாயத்தொழிலாளி தாமஸ் வார்டிலிடம் பழகினார். 1881இல் லண்டன் அருகே வாண்டில் ஆற்றங்கரையிலுள்ள மெர்டன் ஆபிக்குப் பட்டறையை மாற்றினார்.

கேள்வி கேட்டவர்: இவ்வளவு கைவேலை என்றால் விலை?

பதில் 1: ஏழைக்கு எட்டாத விலைதான். 1884 டிசம்பரில் ‘சோஷலிஸ்ட் லீக்’ என்ற பொதுவுடைமை அமைப்பைத் தொடங்கிய மாரிஸின் சரக்கை வாங்கியது வசதியானவர்களே. அந்த முரண் அவருக்கும் உறுத்தியது.